ஹைதராபாத்திலிருந்து சிகாகோ எவ்வளவு தூரம்?



ஹைதராபாத்துக்கும் நான் இருக்கும் சிகாகோவுக்கும் இடையே வான்வழியில் சுமார் 13,300 கிலோமீட்டர். சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்தால், அரபிக்கடல், ஐரோப்பா, அட்லாண்டிக் என்று மேற்கே போகவேண்டும் போலத் தோன்றும். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது நேராக வடக்கே ஏறி, மத்திய ஆசியாவையும் ரஷ்யாவையும் தாண்டி, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து, கனடா வழியாக இங்கே இறங்கும்.

இந்தத் தூரத்தைக் கப்பலில் கடந்த ஒருவரையும் நினைத்துக்கொள்கிறேன். 1893 பிப்ரவரி 13 அன்று, ஹைதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தின் மகபூப் கல்லூரியில், தாம் மேற்கே போகும் நோக்கம் பற்றி சுவாமி விவேகானந்தர் பேசினார். 1862இல் சோமசுந்தரம் முதலியார் பள்ளியாகத் தொடங்கியது அது. அந்த ஊர்த் தமிழர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இடம். மே 31 அன்று பம்பாயில் கப்பலேறியவர் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் என்று கிழக்கே சுற்றி, பசிபிக்கைக் கடந்து வான்கூவரில் இறங்கி, ரயிலில் சிகாகோ சேர்ந்தபோது ஜூலை முடிந்துகொண்டிருந்தது.

ஹைதராபாத்திலிருந்து சிகாகோவுக்கு 2021 ஜனவரி 15 அன்று ஏர் இந்தியா இடைநில்லா விமானம் விட்டது. ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் மதியம் ஏறி, 16 மணி நேரத்துக்கு மேல் பறந்து, அதே நாள் மாலை சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் இறங்க முடிந்தது. குளிர்காலத்தில் சிகாகோ நேரம் பதினொன்றரை மணி பின்தங்கியிருப்பதால் தேதி மாறவில்லை. அந்தச் சேவை நிலைக்கவில்லை. எனக்கு அது பெரிய இழப்பு.

துபாய் வழியாக வந்தாலும் மொத்தம் ஏறக்குறைய 14,200 கிலோமீட்டர்தான். கூடுதல் 900 கிலோமீட்டர் என்பது ஜெட் விமானத்துக்கு ஒரு மணி நேரச் சமாச்சாரம். ஆனால் இறங்கி, மறுபடி சோதனை முடித்து, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து ஏறுவதற்குள் பயணம் ஒரு நாளைத் தொட்டுவிடும்.

செகந்திராபாத்திலிருந்து தனியாக வரும் என் அம்மாவுக்கு அந்தக் காத்திருப்புதான் கடல். ஒருமுறை நடுவழி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்தவர் ஒரு தூணோரம் நிறுத்தி, "அடுத்த ஆள் வருவார்" என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார். கழிப்பறைக்குப் போனால் ஆள் வந்து தேடுவாரோ என்று அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போர்டிங் பாஸைக் கைக்குட்டைக்குள் மடித்து, என் நம்பர் எழுதிய சீட்டோடு பிடித்தபடியே உட்கார்ந்திருந்திருக்கிறார். இங்கே வந்து இறங்கியபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன.

நீண்ட தடத்துக்குப் பெரிய விமானம் வேண்டும், எரிபொருள் ஏராளமாகச் செலவாகும், இருக்கைகள் நிரம்பவேண்டும், இதெல்லாம் தெரியாமலில்லை. ஆனால் ஷம்ஷாபாத்தின் ஓடுபாதை 4,260 மீட்டர்; பெரிய விமானத்துக்கு அது போதும். சிகாகோவில் தெலுங்குக் குடும்பங்களும் நம் தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். வாரம் ஒரு விமானமாவது மறுபடி வரவேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அதுவரை, பெற்றோரை வரவழைப்பவர்கள் இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேரும். நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்து, கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.