சுட்டுவிரல்

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் எனக்குச் சாதகமாக ஆணை வந்த அன்று, தோ பாயோ லோரோங் 8 காப்பிக்கடையில் நண்பர்கள் குடித்த காப்பிக்கெல்லாம் நானே காசு கொடுத்தேன். வழக்கு சின்னது. சமையலறை அலமாரி செய்து தருவதாக 4,200 வெள்ளி முன்பணம் வாங்கியவர் ஒரு பலகையைக்கூடக் கொண்டுவரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அந்த மன்றத்தில் வழக்கறிஞர் கிடையாது. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை நாமே பேசிக்கொள்ள வேண்டும். பேசினேன், ஜெயித்தேன்.

பணம் வரவில்லை. கெடு முடிந்து ஒரு மாதம் காத்திருந்தபின்தான் விஷயம் புரிந்தது. ஆணை பிறப்பித்ததோடு மன்றத்தின் வேலை முடிந்துவிடுகிறது. எதிராளி கொடுக்காவிட்டால் ஜெயித்தவர்தான் மறுபடி கட்டணம் கட்டி, அமலாக்க ஆணை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள புதிய நீதிமன்ற விதிகளின்படி, வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றுவது, வங்கியில் இருக்கும் பணத்தைப் பிடிப்பது என்று பல வழிகளை ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். அதை நிறைவேற்றுவது ஷெரிஃப். அவர் சார்பில் வாசலுக்கு வருகிறவர் பெய்லிஃப். எங்கள் கும்பகோணம் பக்கத்தில் அமீனா என்பார்கள்.

ஒரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பெய்லிஃப் தனியாகப் போவதில்லை. கடன் கொடுத்தவரும் கூடப் போய், எதைக் கைப்பற்ற வேண்டும் என்று காட்ட வேண்டும்.

2023இல் ஒரு காலையில், என் புளோக்கிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த வீட்டு வாசலில் நின்றோம். கதவைத் திறந்தது அவருடைய அம்மா. எழுபது வயதிருக்கும்.

"யாரு தம்பி? பையன் வேலைக்குப் போயிருக்கான்."

பெய்லிஃப் சீனர். அடையாள அட்டையைக் காட்டி ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். அந்த அம்மாவுக்குத் தமிழும் சந்தை மலாயும்தான் வரும். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாவிடம் அவர் மகனின் கடனை நானே தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று.

"அம்மா, கோர்ட்லேர்ந்து வந்திருக்காங்க. உங்க பையன் பணம் தரணும். அதுக்கு வீட்டுல உள்ள சாமானைக் குறிச்சுக்குவாங்க."

"யாருக்குத் தரணும்?"

"எனக்குத்தாம்மா."

அவர் நகர்ந்து வழிவிட்டார். எதையும் எடுத்துவிட முடியாது. வீவக வீட்டின் மீது சாதாரணக் கடன்காரர் கைவைக்க முடியாது. மத்திய சேம நிதிக்கும் சம்பளத்துக்கும் பாதுகாப்பு உண்டு. உடுப்பு, படுக்கை, தொழிற்கருவிகள் ஆகியவற்றுக்கும் வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு. மூலையில் இருந்த துளைபோடும் இயந்திரத்தை நான் பார்த்ததைக் கவனித்த பெய்லிஃப், தலையசைத்து மறுத்தார். அதைப் பிடுங்கினால் அந்த ஆள் எதைக்கொண்டு சம்பாதித்து எனக்குத் தருவார்?

"எதெது?" என்றார் பெய்லிஃப்.

தொலைக்காட்சியைக் காட்டினேன். சோஃபாவைக் காட்டியபோது அந்த அம்மா, "அது எம் பொண்ணு வாங்கிக் குடுத்தது," என்றார். அப்படியானால் மகள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று பெய்லிஃப் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். அவர் பட்டியல் எழுதி, கைப்பற்றியதற்கான தாளை ஒட்டினார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. புறப்படும்போது அந்த அம்மா, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

லிஃப்டில் இறங்கும்போது பாட்டி ஞாபகம் வந்தது. என் அப்பாவின் சிறுவயதில் எங்கள் வீட்டிலும் ஜப்தி நடந்திருக்கிறது. ஊஞ்சல் பலகையும் சுவர்க்கடிகாரமும் போயின. இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டமும் கண்மூடித்தனமானதல்ல. அவசியமான சமையல் பாத்திரம், படுக்கை, பெண்ணிடமிருந்து பிரிக்கக் கூடாத தாலி போன்ற நகை எதையும் தொடக் கூடாது. பொழுது சாய்ந்தபின் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. பாட்டிக்குச் சட்டம் தெரியாது. "அமீனா நல்ல மனுஷன். செருப்பை வெளில விட்டுட்டுத்தான் வந்தான்," என்பாள். அவள் கடைசிவரை மன்னிக்காதது கடன் கொடுத்தவரை. "திண்ணையில நின்னுக்கிட்டு, அது, இதுன்னு விரலை நீட்டினான் பாரு!"

சின்ன வயதில் அந்த ஆளை நானும் வெறுத்தேன். அவர் கொடுத்த பணம் அவருக்குத் திரும்பி வந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றிரவே மகன் போன் செய்தார். ஆறு தவணையில் தருவதாகச் சொன்னார். ஏலம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். பணம் முழுதும் வந்துவிட்டது. அந்தத் தாள் ஒட்டப்படாமல் இருந்திருந்தால் ஒரு வெள்ளிகூட வந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விரல் நீட்டியது தப்பென்று இன்றும் நினைக்கவில்லை.

ஆனால் லோரோங் 8 வைராவிமட காளியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போகும்போது, உள்ளே நுழையுமுன் அந்த அம்மா அங்கே இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.