மணப்பாட்டுக் குகையருகே ஒரு மாலை

மணப்பாட்டுத் திருச்சிலுவைக் குன்றினின்று கடலை நோக்கி இறங்கினால், புனித சவேரியார் செபித்த குகையை அடைகிறோம். உள்ளே ஒரு சிறு கிணறு. கடலை ஒட்டியிருந்தும் நீர் உவர்ப்பதில்லை!

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, சிலுவை அடையாளம், கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றைத் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். கற்றதை வீட்டாருக்கும் கற்பிக்கப் பணித்தார். குருக்கள் அரிதாயிருந்த அக்காலத்தில், இக்கரையின் விசுவாசத்தைக் காத்தது வீட்டுச் செபமே என்பது என் எண்ணம்.

நான் சென்ற மாலையில், குன்றடியில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், திரிகால மணி ஒலித்ததும் ஊசியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். குருவாகிய நானோ பேருந்தை எண்ணிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய கட்டளைச் செபமும் பாக்கி.

“சாமி, நீங்க தொடங்குங்க” என்றார்.

தொடங்கினேன். பேருந்து போய்விட்டது.