அம்மாவின் புடவையில் ஒரு போர்வை... ஓரம் நெளியாமல் தைப்பது எப்படி?

பழைய காட்டன் புடவைக்கு நம் வீடுகளில் ஆயுசு கெட்டி. கட்டி அலுத்தால் தூளி. தூளியும் நைந்தால், நல்ல பகுதிகளை வெட்டிச் சேர்த்துத் தைத்த விரிப்பு. அதே ஒட்டுத்துணி வேலையை இப்போது ‘குயில்ட்’ என்று ஆசையாகக் கற்றுக்கொள்ளும் பெண்கள் பலர். சதுரங்களைச் சேர்ப்பது வரை எல்லாம் சரியாகப் போகும். சுற்றிலும் பார்டர் வைத்தபிறகுதான் சிக்கலே வரும்.

பள்ளிக்கரணையில் ஓர் அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடியில் வசிக்கும் அந்தப் பெண்ணுக்கு இது ஏழாவது மாதம். அம்மா தவறி இரண்டு வருடங்களாகின்றன. பீரோவில் இருந்த அம்மாவின் ஐந்து புடவைகளில் நான்கைச் சதுரங்களாக வெட்டினார். ஐந்தாவது, மதுரை சுங்குடி. அதன் கரையைப் பார்டராக வைக்கலாம் என்று முடிவு. கீழ்க்கரை காலில் உரசி உரசி நைந்துபோயிருந்தது. மிஞ்சியது மேல்கரை மட்டும்தான். ஐந்தரை மீட்டர் என்பது சுமார் 216 இன்ச். போர்வையைச் சுற்றி வர அதில் 190 இன்ச்சுக்கு மேல் போய்விட்டது.

ஐ.டி வேலை முடிந்து வந்து, ராத்திரி ஒரு மணி நேரம், அரை மணி நேரம் எனத் தைத்தது. பார்டரையும் வைத்து முடித்து, ஹாலில் விரித்துப் பார்த்தால் நடுவில் தட்டையாகக் கிடக்கிறது. ஓரம் மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது. ஒரு பக்கம் நீவினால் அலை அடுத்த பக்கம் போய் எழும்புகிறது. நெளிந்த இடத்தை மடித்து, வெட்டி, ஒட்டுப்போட்டுவிடலாமா என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டார். வெட்டியது பிசகினால் வேறு கரை கிடையாது என்ற பயம்தான் அவரைத் தடுத்தது. போர்வையைச் சுருட்டிக்கொண்டு, தெருமுனையில் ரவிக்கை தைக்கும் அக்காவிடம் போனார்.

“ஏம்மா, பாவாடைக்கு ஃப்ரில் எப்படி வைப்போம்? அடித்துணியை நீளமா எடுத்து, மேல்துணி நீளத்துக்குள்ள அடக்கித் தைப்போம்ல? இதுவும் அதேதான். உனக்குத் தெரியாமலே ஃப்ரில் வெச்சிருக்கே.”

“ஓரத்துக்குச் சரியாத்தான் அக்கா வெச்சேன். நீளமான பட்டையை வெச்சுத் தைச்சுக்கிட்டே போய், கடைசியில மிச்சத்தை வெட்டினேன்.”

“அங்கதான் தப்பு. ஓரத்தை நம்பக் கூடாது. நடுவுல அளக்கணும்.”

அக்கா டேப்பை வைத்து அளந்து காட்டினார். நடுவில் 47 இன்ச். இடது ஓரம் 48. வலது ஓரம் 48 1/4. ஒரே போர்வை, மூன்று அளவு!

ஓரம் ஏன் நீள்கிறது?

வெட்டிய துணியின் ஓரத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. எடுக்க, மடிக்க, விரிக்க என்று கை படப்பட அது இழுபடும். அயர்ன் பாக்ஸை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தால் இன்னும் நீளும். கிராஸ் கட்டிங் ரவிக்கை உடம்போடு இழைந்து நிற்கிறதே, அதற்குக் காரணம் குறுக்காக வெட்டிய துணி இழுத்தால் கொடுப்பதுதான். போர்வைக்கு அதுவே வினை.

தையல் மெஷினுக்கும் இதில் பங்கு உண்டு. அடியில் இருக்கும் பல், கீழ்த்துணியைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். அளந்து வெட்டாத பட்டையை அடியில் வைத்துத் தைத்தால், நமக்குத் தெரியாமலே பார்டர் கூடுதலாக உள்ளே போய்விடும்.

காகிதத்தில் போட்ட கணக்கையும் நம்ப முடியாது. 12 சதுரங்களுக்கு 11 தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டுகளிலும் 1/16 இன்ச் கூடுதலாக உள்ளே போனால், மொத்தத்தில் கிட்டத்தட்ட 1.4 இன்ச் குறைந்துவிடும். ஆக, தைத்து முடித்த துணியை அளந்த பிறகே பார்டரை வெட்ட வேண்டும்.

தைக்கும் முன் கவனிக்க...

* துணிகளை முதலிலேயே அலசிக் காயவையுங்கள். சாயம் போகும் துணியைத் தனியாக அலசுங்கள்.

* பார்டருக்குப் புடவையின் நீளவாக்கில் பட்டை எடுங்கள். பாவு நூல் அந்தப் பக்கம் ஓடுவதால் அதிகம் இழுபடாது. புடவைக் கரை இதற்கு நன்றாகப் பொருந்துவது அதனால்தான்.

* போர்வையின் நடுவில் அளந்து, அந்த அளவுக்கே இரண்டு பக்கப் பட்டைகளையும் வெட்டுங்கள். ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால், முதலில் சதுரங்களின் தையலைச் சரிபாருங்கள்.

* பட்டையிலும் போர்வையிலும் பாதி, கால் பாகங்களைக் குறித்து, இரண்டு முனைகள், நடு, பிறகு கால் பாகம் என்ற வரிசையில் குண்டூசி குத்துங்கள். நீண்டுவிட்ட போர்வை அடியிலும், அளந்த பட்டை மேலேயும் இருக்கட்டும். மெஷினின் பல்லே அந்த உபரியை அடக்கிவிடும்.

* பக்கவாட்டுப் பட்டைகளைத் தைத்த பிறகு, அகலத்தை மறுபடி நடுவில் அளந்து மேல், கீழ் பட்டைகளை வெட்டுங்கள்.

* அயர்ன் பாக்ஸை இழுக்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள்.

நெளிந்த பிறகு என்ன வழி?

உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் முன்பே தெரிந்துவிட்டால், தையலைப் பிரித்து, அளந்து, மறுபடி வைப்பதே நல்லது.

சின்ன நெளிவு என்றால் பிரிக்கத் தேவையில்லை. பார்டரின் வெளி ஓரத்தை ஒட்டிக் கையால் ஓட்டுத் தையல் போட்டு, நூலை மெல்ல இழுத்து நடு அளவுக்குக் கொண்டுவரலாம். சுருக்கத்தைச் சமமாகப் பரப்பி, ஈரத்துணி போட்டு அழுத்தினால் காட்டன் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பஞ்சு வைத்துத் தைத்த பிறகு நெளிந்தால், தையலின் நெருக்கத்தைப் பாருங்கள். நடுவில் நெருக்கமாகத் தைத்தால் அந்த இடம் சுருங்கும். தைக்காத பார்டர் அப்படியே நின்று அலையும். பார்டரிலும் அதே நெருக்கத்தில் தைத்தால் பெருமளவு சரியாகும். கடைசியாக ஓரத்தை மூடும் பட்டிக்கும் அளந்து வெட்டுவதே நல்லது.

துவைத்ததும் கொடியில் தொங்கவிட வேண்டாம். ஈர எடையே ஓரத்தை இழுத்துவிடும். மொட்டைமாடி நிழலில், சுத்தமான பாயில் விரித்து, கையால் நீவிச் சதுரமாக்கிக் காயவையுங்கள்.

பார்டரே இல்லாமல் தைக்கும் வழியும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் பழைய துணிகளில் ‘கவந்தி’ என்ற போர்வையைக் கையாலேயே தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். ஓரத்தைக் கடைசியில் கொண்டுவந்து ஒட்டும் வேலையே அதில் இல்லை.

பள்ளிக்கரணைப் பெண் தையலைப் பிரித்தார். கரை கிழிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தையலாக, இரண்டு சாயங்காலங்கள். 47 இன்ச்சுக்கு வெட்டி, அக்கா பக்கத்தில் இருந்து குண்டூசி குத்தித் தர, மறுபடி தைத்தார். வலது மூலையில் லேசான நெளிவு இன்னும் இருக்கிறது. “அது போகாதா அக்கா?” என்று கேட்டதற்கு, “நாலு தண்ணி பட்டா அடங்கிடும்மா. அதை விடு. கத்தரிக்கோல் போட்டிருந்தா, அம்மா புடவைக்கு எங்க போவே?” என்றார் அக்கா.