‘நான்’ என்பது யாது?

“ஐயா, நீங்கள் யார்?”

எம்மை ஈன்ற அன்னையார் எம்மையே நோக்கி இவ்வாறு வினவிய நாளில் யாம் செயலற்று நின்றோம். ஹட்டன் மலைச்சரிவில் 40 ஆண்டுகள் கொழுந்து பறித்து எம்மை இக்கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். முதுமையில் நினைவு அவரைக் கைவிட்டது. நினைவு நீங்கியபின் எஞ்சியிருப்பவர் எம் அன்னைதாமா, அன்றிப் பிறரா?

மணிமேகலையைப் பலகாலும் வகுப்பிற் கற்பித்துள்ளோம். எனினும், அதன் 30ஆம் காதையை அன்றிரவே மெய்யாகக் கற்றோம். அங்கே அறவணவடிகள் கூறும் அறத்தின்படி மாந்தர் ஐந்து கந்தங்களின் கூட்டமாவர். உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்பன அவை. பொருளை இன்னதென இனங்காண்பது குறிப்பு. செயலாற் படிந்த பழக்கம் பாவனை. இவற்றின் வேறாய் நிலைத்த ‘நான்’ இல்லை என்பது பௌத்தர் துணிபு.

பாலி மறைகளும் இதனையே பேசுகின்றன. இசிபதனத்தில் ஐந்து துறவியர்க்குப் புத்தர் ஆற்றிய இரண்டாம் பேருரை, ‘உடலே நானாயின், அது நோயுறாது என் விருப்பின்படி இருத்தல் வேண்டுமன்றோ?’ என்னும் கருத்தை முன்வைக்கின்றது. ஏனைய நான்கிற்கும் அதுவே நியாயம். தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரமசாலமோ, உயிரையும் உலகையும் பற்றிய 62 கொள்கைகளை எண்ணி விலக்குகின்றது. உயிர் மாறாது நிலைப்பது என்பாரும், உடலோடு அழிவது என்பாரும் அவற்றுள் அடங்குவர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியை மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் ஓர் உவமையால் விளக்கினார். இரவெல்லாம் எரியும் விளக்கில், முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல.

சைவராகிய எமக்கு உயிர் என்றுமுள்ள பொருள். ஆதலின் பௌத்தர் முடிபு முழுதும் எமக்கு உடன்பாடன்று. ஆயினும், அவ்வுவமை எம் துயர் துடைத்தது. ஒருநாள் மாலை அன்னையாரின் விரல்கள் போர்வையின்மேல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தன. குறிப்பு அகன்றும் பாவனை அகலவில்லை! மீண்டும், “நீங்கள் யார்?” என்றார்.

“உங்கள் கூடையைத் தூக்க வந்த பிள்ளை, அம்மா.”

அவர் முறுவலித்தார்.

விழாக் காணும் நம் கல்லூரியிலும் யாம் அமர்ந்த வாங்குகள் இல்லை. எமக்குக் கற்பித்த ஆசான்கள் இல்லை. “இது நம் கல்லூரிதானா?” எனப் பழைய மாணவர் சிலர் வினவக் கேட்டோம். அன்பர்காள், சுடர் இன்னும் எரிகின்றது. எண்ணெய் வார்ப்பது நம் கடன்.