கை தானாக வருமா?

குழந்தைகள் பிசியோதெரபி அறையில் பாயில் மல்லாந்து கிடக்கும் சில கைக்குழந்தைகளைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடலாம். ஒரு கை காற்றில் துழாவிக்கொண்டிருக்கும். மற்றது உடம்போடு ஒட்டி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்பக்கம் திரும்பி, மணிக்கட்டு மடங்கிக் கிடக்கும். பிரசவத்தில் தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொள்ள, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபட்டுக் காயப்பட்டதன் அடையாளம் அது. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்குப் புறப்படும் ஐந்து வேர்களில் மேல் வேர்கள் அடிபட்டால் கை இந்தக் கோலத்தில் கிடக்கும். 1872-இல் பிரான்சில் டுஷேனும் 1874-இல் ஜெர்மனியில் எர்பும் இதை விவரித்தார்கள். நிலைத்தது பின்னவர் பெயர், எர்ப்ஸ் பால்சி. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தாய்க்குச் சர்க்கரை இருந்து குழந்தை பெருத்துவிட்டால் வாய்ப்பு கூடும். வீட்டில் இதற்குச் சுளுக்கு என்று பெயர். வார்டில் பெற்றோருக்குக் கிடைக்கும் ஆறுதல், “பயப்படாதீங்க, தானா சரியாயிடும்” என்பது. இந்த அறைகளில் வேலை செய்கிறவர்களைக் கவனித்தபின் அந்த ஆறுதலைப் பாதி உண்மை என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. மீதிப் பாதிதான் இவர்கள் தலையில் விடிகிறது.

பிசியோதெரபிஸ்ட் நரம்பைக் குணப்படுத்துவதில்லை. இதை அவர்களே முதலில் சொல்லிவிடுகிறார்கள்; சொல்லாதவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. வெறுமனே அதிர்ந்து செயலிழந்த நரம்பு சில வாரங்களில் தானே விழித்துக்கொள்ளும். உள்ளே இழை அறுந்து உறை மட்டும் மிஞ்சியிருந்தால் அது நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து வர வேண்டும். கழுத்திலிருந்து புஜத்தின் தசையை எட்டவே மாதங்கள் ஆகும். தண்டுவடத்திலிருந்து வேரோடு பிய்ந்துபோயிருந்தால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் வராது. எண்ணெயோ கரண்ட் வைப்பதோ இந்த வேகத்தைக் கூட்டுவதாக நம்ப வலுவான ஆதாரம் இல்லை. அப்படியானால் இந்த அறை எதற்கு? நரம்பு வந்து சேரும்போது கீல் துருப்பிடித்த கதவாக மூட்டு இருந்துவிடக் கூடாது என்பதற்காக. நரம்பு வருகிறதா இல்லையா என்று வாரம் தவறாமல் கணக்கு வைத்திருப்பதற்காகவும்தான். இரண்டாவது வேலை வெளியே யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

முதல் வேலையின் நுட்பம் ஒரு கட்டைவிரலில் இருக்கிறது. பிறந்து ஒன்றிரண்டு வாரம் கையை அசைக்காமல் ஓய்வு கொடுத்தபின், காறை எலும்பு முறிந்திருந்தால் அது கூடியபின், பயிற்சி தொடங்கும். தெரபிஸ்ட் ஒரு கையால் குழந்தையின் முதுகுப்பக்கத்துத் தோள்பட்டை எலும்பை விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் புஜத்தை மெல்ல மேலே கொண்டுபோகிறார். அந்தப் பிடி இல்லாமல் தூக்கினாலும் கை காதுவரை போகும். பார்க்கிறவர்களுக்கு நன்றாகப் போவதாகவே தெரியும். ஆனால் அசைந்தது முதுகுப்பக்கத்து அந்தத் தட்டை எலும்புதான், தோள்மூட்டு இறுகியது இறுகியபடியே இருக்கும். அடுத்து முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்ட வைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புகிறார். முதலில் கெட்டுப்போவது இந்த வெளித்திருப்பம்தான் என்பதால் ஒவ்வொரு முறையும் கோணத்தை அளந்து கார்டில் எழுதுகிறார்கள். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது, மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டுவது என்று மற்றவை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நம் வீடுகளில் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் மாற்றி மாற்றி மடக்கி உருவிவிடும் பாட்டிகள் இதைத்தானே காலங்காலமாகச் செய்கிறார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அந்தக் கைகளில் பழக்கமும் பொறுமையும் இருக்கின்றன. தோள்பட்டையைப் பிடிக்கும் கட்டைவிரல் மட்டும் இல்லை. உணர்ச்சி மங்கிய கையைச் சூடான தண்ணீரும் அழுத்தமான உருவலும் என்ன செய்யும் என்று குழந்தையால் அழுது காட்டவும் முடியாது. அதனால் விவரம் தெரிந்த தெரபிஸ்ட்கள் பாட்டியைக் கடிந்துகொள்வதில்லை. “பாட்டிம்மா, இந்த எலும்பை இப்படி அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தூக்குங்க” என்று அவர் விரலையே எடுத்து வைத்துக் காட்டுகிறார்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் கழற்றுங்கள், தூளியில் அந்தக் கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள் என்பதெல்லாம் கூடவே வரும். வாரத்துக்கு அரைமணி நேரம் கையில் கிடைக்கும் குழந்தைக்கு, துணி மாற்றும்போதெல்லாம் வீட்டில் பயிற்சி நடந்தாக வேண்டும். கற்றுக்கொடுப்பதுதான் இங்கே சிகிச்சை. நம் ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் எத்தனை சிட்டிங் என்று எண்ணுகின்றனவே தவிர, வீட்டில் எத்தனை கைகள் கற்றுக்கொண்டன என்று எண்ணுவதில்லை.

பெரும்பாலான குழந்தைகள் தாமே தேறிவிடும்போது எல்லாரையும் அலைக்கழிப்பானேன் என்பது அடுத்த ஆட்சேபம். நூற்றுக்குத் தொண்ணூறு தேறும் என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் எழுதிவந்தன. 2004-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பொண்டாக் குழுவினர் பழைய ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கைக்குத் தகுந்த சான்று கிடைக்கவில்லை. நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குக் குறை மிஞ்சுகிறது என்பதே அவர்கள் எட்டிய மதிப்பீடு. அந்த இருபது முப்பது யார் என்று பிறந்த அன்று சொல்ல முடியாது. காலம் போகப்போகத்தான் தெரியும், அதற்கு யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 1980-களில் பாரிஸ் சர்ஜன் ழில்பேர், மூன்று மாதத்துக்குள் முழங்கையை மடக்கும் தசை உயிர்பெறாவிட்டால் அறுவைச் சிகிச்சையை யோசிக்கலாம் என்று வரையறுத்தார். டொராண்டோவில் ஒன்பதாம் மாதத்தில் ஒரு சோதனை வைக்கிறார்கள்: புஜத்தை விலாவோடு பிடித்துக்கொண்டு கையில் பிஸ்கட்டைக் கொடுத்தால், தலையை அதிகம் குனியாமல் குழந்தை அதை வாய்க்குக் கொண்டுபோகிறதா என்று. எந்த வரையறை சரி என்று சர்ஜன்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. எந்தக் கட்சியானாலும் முதல் வயது முடிவதற்குள் முடிவெடுக்க விரும்புகிறது. ஆண்டுக்கணக்கில் நரம்பின்றிக் கிடந்த தசைக்கு நரம்பு பிறகு வந்தாலும் பயனில்லை. ‘தானா சரியாயிடும்’ என்பதை நம்பி ஒன்றரை வயதில் வருகிற குழந்தை, தேறாமல் போனதோடு தேறுவதற்கான வழியையும் இழந்துவிட்டு வருகிறது. கண்ணிமை தொங்கி, கருவிழிப்பாவை சுருங்கியிருந்தால் வேர் பிய்ந்திருக்கலாம். அந்தக் குழந்தைக்கு மூன்று மாதக் காத்திருப்பும் வேண்டாம், உடனே பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வருகிறது. சின்சினாட்டியில் ராஜர் கார்ன்வால் குழுவினர் எலிக்குட்டிகளில் பார்த்தது இது: பிறந்தவுடன் நரம்பை இழந்த தசை எலும்பின் வேகத்துக்கு நீளமாக வளர்வதில்லை, மூட்டு இறுகுவதற்கு அது பெரிய காரணம். அப்படியென்றால் இழுத்து இழுத்துப் பயிற்சி கொடுப்பதால் இறுக்கத்தை முழுவதும் தடுக்க முடியாமலும் போகலாம். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நீட்டல் பயிற்சிக்குத் தரமான ஒப்பீட்டுச் சோதனைகளும் குறைவு. ஆனால் இதனால் அந்த அறையின் தேவை குறைவதில்லை. வெளித்திருப்பக் கோணம் வாரத்துக்கு வாரம் குறைவது, தோள் பந்து குழியை விட்டுப் பின்னால் நழுவத் தொடங்கியதன் முதல் எச்சரிக்கை. ஒரு வயதுக்குள்ளேயே இது நடப்பதுண்டு. கார்டில் கோணம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் எடுக்கவும், கட்டுப்போடவும், போட்டாக்ஸ் ஊசி போடவும் நேரம் இருக்கும். இன்னொன்றும் உண்டு. கை இறுகிய குழந்தையைக் கொண்டுவரும் அம்மாவிடம் “நீ ஒழுங்காப் பயிற்சி கொடுக்கலை” என்று சொல்வது மிகச் சுலபம். வயிற்றில் குழந்தை பெருத்ததற்கே பழி சுமந்தவள் அவள். அந்த எலிக்குட்டிகள் சொல்வதை இந்த அம்மாக்களிடம் சொல்ல வேண்டும்.

ஆட்களும் இடமும் நம்மிடம் இல்லாமல் இல்லை. குழந்தைகளின் உடல்நலத்துக்காக 2013-இல் வந்த மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் பிசியோதெரபிஸ்ட்டுக்கு இடம் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. படுத்த படுக்கையான பெரியவர்களைப் பார்க்கப் போகிறவர், அதே ஊரில் கை தூக்காத குழந்தை இருந்தால் ஒரு பத்து நிமிடம் அந்த வீட்டுக்கும் போகலாம். அறுந்துபோவது பிரசவ வார்டுக்கும் இவர்களுக்கும் இடையிலான கண்ணிதான். கை அசையாத குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு தேதிகளை எழுதிக் கொடுங்கள்: பதினைந்து நாளுக்குள் பிசியோதெரபிக்கு ஒன்று, மூன்று மாதம் நிறையும்போது மறுபரிசோதனைக்கு ஒன்று. அதற்குப் பணம் செலவில்லை, பேனா போதும்.