பருவம் முடிந்த கடற்கரையில் ஆறு இரவுகள்

இத்தாலியின் கடற்கரையில் மலிவாகத் தங்க வேண்டுமானால் நவம்பரில் வரவேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவன் என் தம்பி. சிசிலித் தீவின் வடகரையிலுள்ள ஒரு ஹோட்டலின் சமையற்கட்டில் பதினாறு கோடைகாலங்களாகப் பாத்திரம் கழுவியும் மீன் துப்புரவு செய்தும் வருபவன் அவன்.

"அண்ணை, ஓகஸ்டிலை வந்தால் உங்களாலை ஒரு இரவுக்கும் காசு குடுக்கேலாது. எனக்கும் உங்களோடை இருந்து கதைக்க நேரமிராது. நவம்பரிலை வாங்கோ. அறையும் மலிவு, நானும் சும்மா" என்றான்.

"நானும் சும்மா" என்றதன் பொருள் அப்போது எனக்கு முழுமையாக விளங்கவில்லை.

நாங்கள் மூவர். அக்கா 1989 இல் திருமணமாகி சுவிற்சர்லாந்துக்குப் போனார். தம்பி 1997 இல் நாட்டை விட்டுப் புறப்பட்டு, அடுத்த ஆண்டில் இத்தாலியை அடைந்தான். நடுவில் பிறந்த நான் பத்திரிகையே கதியென்று இங்கே இருந்துவிட்டேன். 2011 இல் தம்பி ஒருமுறை வந்தான். அப்போது அக்காவால் வர முடியவில்லை. 2021 இல் அம்மா காலமானபோது பெருந்தொற்றின் காரணமாக இருவராலும் வர முடியவில்லை. ஆக, நாங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து முப்பத்தைந்து வருடங்கள் கழிந்திருந்தன. அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்ததால் நீண்ட விமானப் பயணம் ஆகாது. தம்பியின் வீடோ பலெர்மோ நகரில் இரண்டு அறைகளைக் கொண்டது. அதில் ஏற்கெனவே நான்கு பேர். எங்காவது ஓர் அறை எடுத்துத் தங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில்தான் 2024 இன் நடுப்பகுதியில் நான் தேடலில் இறங்கினேன்.

முப்பது வருடங்களாகச் செய்தி தேடிய கை. ஹோட்டல் தேடுவதா பெரிது என்று நினைத்தேன். நினைப்பு ஒரு வாரத்தில் கலைந்தது.

முதலில் அக்கா ரிமினியைச் சொன்னார். அட்ரியாட்டிக் கரையிலுள்ள அந்நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் இருக்கின்றன. சூரிச்சிலிருந்து மிலானோ வழியாக ரயிலிலேயே போய்விடலாம். திரைப்பட மேதை ஃபெல்லினி பிறந்த ஊர் என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஹோட்டல்களில் பெரும்பகுதி கோடைக்கு மட்டும் திறப்பவை. செப்டெம்பர் முடிய நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கதவை மூடிவிடுகிறார்கள். திறந்திருப்பவை மலிவாக இருக்குமென்று பார்த்தால், நவம்பர் தொடக்கத்தில் சில நாள்களுக்கு மட்டும் விலை திடீரென்று ஏறியிருந்தது. விசாரித்தபோது அந்த நாள்களில் அங்கே சுற்றாடல் தொழில்நுட்பம் தொடர்பான பெரிய வர்த்தகக் கண்காட்சி ஒன்று நடப்பது தெரியவந்தது. ஜனவரியில் இன்னொன்று, ஐஸ்கிறீம் தொழிலாளருக்கானது. கடலுக்குப் பருவம் முடிந்தாலும் கண்காட்சிக்குப் பருவம் முடிவதில்லை. இதேபோல் பெப்ரவரியில் சான்ரேமோவில் பாட்டுப் போட்டி, வியாரெஜியோவில் கார்னிவல். டிசம்பர் 8 ஆம் திகதி மாதாவின் திருநாள் விடுமுறை என்பதால் அதையொட்டிய வார இறுதியிலும் விலை ஏறும். ஊரின் நாட்காட்டியைப் பாராமல் விமானச்சீட்டு வாங்கக்கூடாது என்பது நான் காசு செலவழிக்காமல் கற்ற பாடம்.

அடுத்து அமால்ஃபி. படங்களில் கண்டு மயங்காதவர் யார்? ஆனால் நவம்பர் தொடக்கம் மார்ச் வரை அங்கே பல ஹோட்டல்கள் மூடிக்கிடக்கும். கரையோரப் படகுச் சேவையும் நின்றுவிடும். அந்தக் கரையைக் குளிர்காலத்தில் பார்க்க விரும்புவோர் சலேர்னோவில் தங்கிக்கொண்டு பேருந்தில் போய்வருவதே புத்தி. சலேர்னோ மக்கள் வாழும் துறைமுக நகரம். பாண் கடைக்காரர் உல்லாசப் பயணிக்காகக் கடை திறப்பதில்லை, தன் ஊராருக்காகத் திறக்கிறார். மலிவான அறையைத் தேடுபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்குப் பட்டது: பயணிகள் போன பின் அந்த ஊரில் யார் மிஞ்சுகிறார்கள்? எவரும் மிஞ்சாத ஊரில் அறை இலவசமாகக் கிடைத்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு எங்கே போவது?

அந்தக் கணக்கில் மிஞ்சியது செஃபலு. பலெர்மோவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். தம்பியின் ஹோட்டலும் அதற்கு அண்மையில்தான்.

"ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்" என்பதை இத்தாலியர் 'அப்பெர்த்தோ தூத்தோ லான்னோ' என்கிறார்கள். இந்த மூன்று சொற்களையும் மனனம் செய்துகொண்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி. இணையத்தில் ஒரு விலையைப் பார்த்துவிட்டு, தம்பியிடம் நேரடியாகத் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். முன்னர் முன்பதிவுத் தளங்கள், தம்மிடம் காட்டும் விலையிலும் குறைத்து ஹோட்டல்காரர் வேறெங்கும் விற்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருந்தன. 2017 இல் வந்த சட்டமொன்று அத்தகைய நிபந்தனைகள் செல்லாது என்றாக்கியது. தளத்துக்குக் கொடுக்கும் தரகுப் பணம் மிச்சமாவதால், நேரடியாகக் கேட்பவருக்குச் சற்றுக் குறைத்துக் கொடுப்பதில் அவர்களுக்கு நட்டமில்லை. இரண்டு அறைகள் கேட்டோம். உரிமையாளரான அம்மையார் மூன்று கட்டில்கள் கொண்ட ஓர் அறையை, காலை உணவுடன், இரவொன்றுக்கு 72 யூரோ என்றார். ஐம்பது வயது தாண்டிய மூவர் ஒரே அறையிலா என்று நான் தயங்கினேன். "வீட்டிலை ஒரே பாயிலை படுத்த ஆக்கள்தானே, பெரியதம்பி" என்றார் அக்கா. ஆறு இரவுக்கு 432 யூரோ. நம் காசில் ஓர் இலட்சத்து முப்பதாயிரம் ரூபாவுக்குச் சற்று மேல். மூன்றாகப் பங்கிட்டால் ஓய்வை நெருங்கும் ஒரு பத்திரிகையாளனாலும் தாங்கக்கூடியது. மனைவியையும் அழைத்துப் போக மட்டும் என்னால் முடியவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் விசாக் கட்டணமும் 80 யூரோவிலிருந்து 90 யூரோ ஆகியிருந்தது.

பலெர்மோ விமான நிலையத்துக்கு, 1992 இல் மாஃபியாவினால் கொல்லப்பட்ட நீதித்துறையாளர்களான ஃபல்கோனே, போர்செலினோ இருவரின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. அந்நகரில் 'லோரா' என்றொரு மாலைப் பத்திரிகை இருந்தது. 1958 இல் அதன் அலுவலகத்தில் குண்டு வெடித்தது. அதன் செய்தியாளர் மௌரோ தெ மௌரோ 1970 இல் கடத்தப்பட்டார், திரும்பி வரவேயில்லை. பத்திரிகை 1992 இல் நின்றுபோனது. யாழ்ப்பாணத்தில் தொழில் பழகிய எவனும் இதை ஊர்சுற்றிப் பார்ப்பவனின் மனத்தோடு வாசிக்க முடியாது. அதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

செஃபலுவில் அறைக் கதவின் பின்புறத்தில் ஓர் அட்டை ஒட்டப்பட்டிருந்தது. அந்த அறைக்கு அறவிடக்கூடிய உச்ச விலை அதில் குறிக்கப்பட்டிருந்தது. நாங்கள் கொடுத்ததைப் போல் மூன்று மடங்கு. அக்கா அதை ஒவ்வொரு நாளும் ஒருமுறை வாசித்து மகிழ்ந்தார்.

முதலாம் இரவே குளிர். வெளியே பன்னிரண்டு பாகை இருக்கும். சூரிச்சிலிருந்து வந்தவருக்கு அது வசந்தகாலம், எனக்கு மார்கழியின் தாத்தா. இதற்குப் பின்னால் ஒரு விடயம் இருக்கிறது. இத்தாலியில் 1993 ஆம் ஆண்டின் ஆணையொன்று நாட்டை ஆறு காலநிலை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எந்தத் திகதியிலிருந்து, நாளுக்கு எத்தனை மணித்தியாலம் கட்டடங்களைச் சூடேற்றலாம் என்று வரையறுத்துள்ளது. பலெர்மோ அடங்கும் வலயத்தில் டிசம்பர் முதலாம் திகதிக்கு முன் தொடங்க இயலாது. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் மட்டுமே. ஹோட்டல்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. குடியிருப்பு வீடுகளுக்கு இல்லை. முதலில் நாங்கள் சமையலறையுடன் கூடிய வீடொன்றை வாடகைக்கு எடுக்க எண்ணியிருந்தோம். எடுத்திருந்தால் நவம்பர் முழுவதும் போர்வைக்குள்தான். எங்கள் அம்மையார் விலக்கு இருந்தும் மாலை ஆறு மணிக்குத்தான் சூடாக்கியைத் திறந்தார் என்பது வேறு கதை. அறை பதிவு செய்யும்போது வெந்நீர், சூடாக்கி, மின்தூக்கி ஆகிய மூன்றையும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் முதலிரண்டை மறந்தேன். மூன்றாவதை அக்காவின் முழங்கால் ஞாபகப்படுத்தியது.

ஊரைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. நோர்மன் மன்னன் இரண்டாம் ரொஜர் 1131 இல் கட்டத் தொடங்கிய பேராலயம், அதன் பின்னால் செங்குத்தாக எழும் பாறை, கீழே பழைய துறை. 'சினிமா பரடிசோ' படத்தில் திறந்தவெளியில் படம் காட்டும் காட்சி அந்தத் துறையில்தான் எடுக்கப்பட்டது. கோடையில் கால் வைக்க இடமிராதாம். நாங்கள் போன நாள்களில் கிழவர் நால்வரும் ஒரு பூனையும் இருந்தார்கள். ஐந்து மணிக்கு இருட்டிவிடும். சாப்பாட்டுக் கடைகளில் பாதி மூடியிருந்தன. திறந்தவற்றிலும் ஏழரைக்கு முன் அடுப்பு மூட்டுவதில்லை. நடுவிலுள்ள இரண்டரை மணி நேரத்தை என்ன செய்வது என்று பயண வழிகாட்டிகள் எழுதுவதில்லை. நாங்கள் கதைத்தோம். ஊர்க் கிணறு, ஐயாவின் சைக்கிள், அக்காவின் கலியாணத்தன்று பெய்த மழை. மூவருக்கும் மூன்று விதமாக ஞாபகம் இருந்தது. மழையே பெய்யவில்லை என்று தம்பி கடைசிவரை சாதித்தான்.

மூன்றாம் நாள் பலெர்மோவுக்குப் போய் மொன்தே பெலெகிரினோ மலைக்கு ஏறினோம். 1624 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவராக நம்பப்படும் புனித ரொசாலியாவின் குகைக் கோயில் அங்கே உள்ளது. பலெர்மோத் தமிழர், சைவரும் கத்தோலிக்கரும் என்ற வேறுபாடின்றி, அங்கே நேர்த்தி வைத்துப் போகிறார்கள். அக்காவுக்காகப் பேருந்தில் சென்றோம். குகையின் ஈரக் கூரையைப் பார்த்தபடி நின்ற தம்பி, "அம்மா போன செய்தி வந்த அண்டைக்கு அடிவாரத்திலை இருந்து நடந்து வந்தனான். வேறை எங்கை போறது எண்டு தெரியேல்லை" என்றான். நானும் அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அம்மாவின் காரியங்களை ஊரில் நான் ஒருவனாகச் செய்துகொண்டிருந்தேன். அவன் என்ன செய்தான் என்று இந்த மூன்று வருடமும் நான் கேட்டதில்லை.

நான்காம் நாள் அவனுடைய ஹோட்டலைக் காட்டக் கூட்டிப்போனான். வாயிலில் சங்கிலி. நீச்சல் தடாகத்தின் மேல் நீலப் படங்கு. யன்னல்கள் அனைத்தும் அடைப்பு. முன்வாசலைக் காட்டாமல் பின்பக்கம் கொண்டுபோய், சமையற்கட்டின் சிறு கதவைக் காட்டினான். "முன்னாலை நான் போறதில்லை" என்றான், இயல்பாக.

அங்கேதான் 'சும்மா' என்ற சொல் விளங்கியது. மே தொடக்கம் ஒக்டோபர் வரை ஓய்வு நாள் அரிது. அதன் பின் வேலையே இல்லை. 2015 இல் மாற்றப்பட்ட வேலையிழப்புக் கொடுப்பனவு முறையின்படி, உழைத்த வாரங்களில் பாதிக்குத்தான் கொடுப்பனவு. ஆறு மாதம் உழைப்பவனுக்கு மூன்று மாதம். மற்ற மூன்று மாதங்களை அவன் ஒலிவ் பறித்தும், வீடுகளில் வயோதிபரைப் பராமரித்தும் ஓட்டுகிறான். இந்த முறை ஹோட்டல் கைமாறுகிறதாம். ஏப்ரலில் அழைப்பு வருமோ வராதோ தெரியாது. இதை அவன் எங்களிடம் சொல்வதாக இருக்கவில்லை. அக்கா கேட்டுக் கேட்டு வாங்கினார். அறைக்கான முற்பணத்தை அவன்தான் கட்டியிருந்தான். பங்கைத் திருப்பிக் கொடுத்தபோது, "பிறகு பாப்பம்" என்று இரண்டு தடவை தட்டிக்கழித்திருந்தான். அன்றிரவு அக்கா என் பங்கையும் தன் பங்கையும் ஒன்றாக மடித்து அவன் மேற்சட்டைப் பையில் வைத்தார். காலையில் அது என் பயணப் பையில் கிடந்தது. கடைசியில் பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கென்று அவன் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

புறப்படும் நாளில் ஐந்தரை மணிக்கு எனக்கு விழிப்பு வந்தபோது தம்பி தன் கட்டில் விரிப்பை உதறி, மூலைகளை இழுத்து மடித்துக்கொண்டிருந்தான். குளியலறைத் துவாய்கள் ஏற்கெனவே ஒரு மூட்டையாகக் கதவடியில் இருந்தன. "டேய் சின்னத்தம்பி, காசு குடுத்துத்தானே நிக்கிறம், விடடா" என்று அக்கா போர்வைக்குள்ளிருந்து ஏசினார்.

"நவம்பரிலை மூண்டு மாடிக்கும் ஒரே ஒரு பிள்ளைதான் அக்கா வேலைக்கு. எழும்புங்கோ, உங்கடை கட்டிலையும் விரிக்க வேணும்" என்றான்.