ஓர் அங்குலக் குத்து!

1964-ம் வருடம். அமெரிக்காவின் லாங் பீச் நகரில் எட் பார்க்கர் நடத்திய கராத்தே போட்டி. ஒல்லியான ஒரு சீன இளைஞர் மேடையேறி, எதிரே நின்றவரின் மார்புக்கு ஓர் அங்குலம் முன்னால் முஷ்டியை வைத்தார். கையைப் பின்னால் இழுக்கவே இல்லை. அடுத்த நொடி எதிரே நின்றவர், பின்னால் போட்டிருந்த நாற்காலியில் போய் விழுந்தார். அந்த இளைஞர் வேறு யார், புரூஸ் லீயேதான்!

இந்தக் காட்சியைப் பார்க்கிற எல்லோருக்கும் முதலில் வருவது "நாமும் செய்து பார்த்தால் என்ன?" என்ற ஆசை. இரண்டாவதாக வருவது மணிக்கட்டு வலி :-)

இந்தக் குத்தின் வேர் விங் சுன் என்ற குங்ஃபூ முறை. ஹாங்காங்கில் பள்ளிப் பருவத்தில் இப் மேன் என்ற ஆசானிடம் புரூஸ் லீ கற்றது அதைத்தான். விங் சுன், நெருங்கி நின்று போடும் சண்டை. எதிராளி சட்டையைப் பிடிக்கிற தூரத்தில் நிற்கும்போது கையை ஓங்க இடம் ஏது? இருக்கிற இடத்திலேயே அடித்தாக வேண்டும்.

சரி, எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்? குத்து விடும் கனவோடு வருகிற பையனுக்கு முதல் நாளே ஏமாற்றம்தான். முதல் பாடத்தின் பெயர் சியு நிம் தாவ், அதாவது 'சின்ன எண்ணம்'. நின்ற இடத்தை விட்டு நகராமல், முழங்கையை உள்ளே அடக்கி, நெஞ்சுக்கு நேராகக் கையை மெதுவாக நீட்டி மடக்க வேண்டும். திரும்பத் திரும்ப அதேதான்! பலர் ஓடிப்போவது இந்த இடத்தில்தான். தாக்குப்பிடித்தவர்களுக்குச் சுவரில் மாட்டிய பை. பிறகு சி சாவ்: இருவர் கையோடு கை ஒட்டி நின்று, அடுத்தவரின் விசையைத் தொடுதலிலேயே உணரும் பயிற்சி.

உண்மையில் இந்தக் குத்தில் கையின் வேலை கொஞ்சம்தான். குதிகால் தரையை அழுத்த, முட்டி நிமிர, இடுப்பு திரும்ப, தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. கூட்டு வட்டி மாதிரி ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் ஏறுகிறது. ஒரு மூட்டு தாமதித்தால் மொத்தமும் போச்சு!

2012-ல் லண்டன் ஆய்வாளர்கள் 12 கராத்தே கறுப்புப் பட்டைக்காரர்களையும், அதே உடல்தகுதியுள்ள 12 சாதாரண ஆட்களையும் 5 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து குத்தவைத்துப் பார்த்தார்கள். பலமாகக் குத்தியவர்கள் பட்டைக்காரர்கள்தான். ஆனால் அதற்குத் தசை பலம் மட்டும் காரணம் இல்லை. தோளும் மணிக்கட்டும் ஒத்துப்போகும் நேரக்கணக்கில்தான் வித்தியாசம். மூளையின் அமைப்பிலும் அது தெரிந்ததாம்.

லாங் பீச்சில் எதிரே நின்றவர் அசையாமல் நின்றார் என்பதையும் மறக்கக் கூடாது. நிஜச் சண்டையில் யாரும் அப்படி நின்று கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் ஒல்லி உடம்புக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. பலம் என்பது உடம்பின் அளவு மட்டும் இல்லை. குத்தின் தூரம் ஓர் அங்குலம்தான், அதைக் கற்கும் தூரம்தான் பல வருடம்!

கை துறுதுறுக்கிறதா? தயவுசெய்து நண்பனின் நெஞ்சில் வேண்டாம். முதலில் ஒரு தலையணையில் பாருங்கள்.